செப்புத் தகட்டில் செதுக்கிய கௌரவம்

ஆண்டு மலருக்குச் செதுக்குருவப் படங்களைப் பற்றி எழுதுமாறு நம் சங்கத்துப் பெரியவர்கள் பணித்ததைச் சிரமேற்கொண்டு எழுதுகிறேன். 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியின் மரச்செதுக்கு மரபை அங்கத்தினர்கள் நன்கறிவர். அதை இங்கே விரிக்க வேண்டுவதில்லை.

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்கு அருகே நல்லூரில் வாழும் நமக்கு உரியது செப்புத்தகட்டு மரபே. 1757-ல் இங்கிலாந்தின் வூஸ்டர் பீங்கான் குவளைகளுக்காக ராபர்ட் ஹான்காக் செதுக்கிய பிரஷ்ய மன்னர் பிரெடரிக்கின் உருவத்தில், கவசமும் ஆயுதக் குவியலும் புகழ்த் தேவதையும் சேர்ந்தே அரசாதிகாரத்தைப் பறைசாற்றுகின்றன. நம் நாட்டு முறை வேறு. விருத்தாசலம் கோயிலைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியார், கோனேரிராஜபுரத்தில் தம் கணவர் கண்டராதித்த சோழர் இலிங்கத்தை வழிபடும் கோலத்தையே கல்லில் வடிப்பித்து, அவர் இன்னாரென்று எழுத்தும் பொறிப்பித்தார். அங்கே வணக்கமே அதிகாரத்தின் லக்ஷணமாயிற்று.

எங்கள் ஆசிரியர் இவ்விரண்டையும் இணைத்தவர். தலைப்பாகையின் மடிப்பை முதலிலும் முகத்தைக் கடைசியிலும் செதுக்குவார். கன்னத்துக்குப் புள்ளிகளும் குறுங்கோடுகளும். அங்கவஸ்திரத்துக்கு நடுவில் தடித்து முனையில் மெலியும் நெடுங்கோடுகள். பின்புலத்துக்கு நெருக்கமான இணைகோடுகள். உளி எழுப்பிய பிசிறை அவர் சுரண்டி நீக்கிய பிறகு தகட்டை விரலால் தடவினால் ஒரு சொரசொரப்பும் தட்டாது. பதவி உடையிலும் பண்பு முகத்திலும் விளங்க வேண்டுமென்பது அவர் கொள்கை. அதனினும் உயர்ந்த பிரமாணத்தை இன்றளவும் நான் கண்டதில்லை.

தாளுக்கு இடம்வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். பீங்கானுக்கோ, தகட்டிலிருந்து மெல்லிய தாளுக்கும் தாளிலிருந்து பாண்டத்துக்குமாக உருவம் இருமுறை மாறுவதால், நேராகவே செதுக்க வேண்டும். இந்த ஆரம்பப் பாடத்தைக்கூட இக்காலத்தார் சிலர் மறந்துவிட்டனர். எவரையும் சுட்டிச் சொல்கிறேனல்லேன். ஆயினும் அண்மையில் ஒரு பிரமுகரின் உருவத் தட்டில், இடத்தோளில் கிடக்க வேண்டிய அங்கவஸ்திரம் வலத்தோளில் கிடந்தது. மார்பிலிருந்த பதக்கமும் பக்கம் மாறியிருந்தது. பெயர் மட்டும் நேராயிருந்தது! புகைப்படத்தைப் பெயர்த்து ஒட்டிவிட்டு அதனைச் செதுக்குருவம் என்று விற்கும் துணிவு எங்கிருந்து வந்தது? ஒரு தோள் மாறினால், அந்த மனிதரை நம்பி வாக்களித்த ஊரே அவமதிக்கப்படுகிறது. அதைப் பாராட்டிக் கைதட்டிய சபையும் அவமதிக்கப்படுகிறது. பார்த்து வளரும் பிள்ளைகளோ பிழையையே இலக்கணமென்று கொள்வார்கள்.

ஆகையால் பெரியவர்கள் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் நிறைவேற்றி, ஒவ்வோர் அங்கத்தினரும் தம் கையால் செதுக்கிய தகடு ஒன்றையும் அதன் முதற்பிரதியையும் பரீட்சைக்கு வைக்குமாறு விதிக்க வேண்டுமென்று பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.