எல்லைப்புற மக்களும் நாட்டுப்பற்றும்: ‘இயாருயிங்கம்’ நாவலை முன்வைத்து

முன்னுரை

எல்லைப்புறங்களில் வாழும் பல்லின மக்களின் நாட்டுப்பற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஓர் ஐயத்திலிருந்தே தொடங்குகிறது. அவர்கள் நாட்டை நேசிக்கிறார்களா என்று கேட்கப்படுகிறதே தவிர, நாடு அவர்களிடம் எவ்வடிவில் வந்து சேர்ந்தது என்று கேட்கப்படுவதில்லை. இவ்விரண்டாம் வினாவை எழுப்பும் படைப்பு பீரேந்திரகுமார் பட்டாச்சார்யாவின் அசாமிய நாவலான ‘இயாருயிங்கம்’. 1960இல் வெளிவந்து, 1961ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. ‘மக்களாட்சி’ என்பது தலைப்பின் பொருள். இதனைத் தேசிய ஒருமைப்பாட்டு நாவல் என்று மட்டும் வகைப்படுத்துவது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

களமும் காலமும்

நாவலின் களம் தாங்குல் நாகர்கள் வாழும் மணிப்பூரின் உக்ருல் மலைப்பகுதி. 1944இல் இம்பாலையும் கோகிமாவையும் நோக்கி முன்னேறிய ஜப்பானியப் படை இம்மலைகளின் வழியே வந்தது. 1947 ஆகஸ்ட் 14 அன்று நாகா தேசியக் கவுன்சில் நாகர்களின் விடுதலையை அறிவித்தது. 1949 அக்டோபரில் மணிப்பூர் இந்தியாவுடன் இணைந்தது. அசாம், மணிப்பூர் பகுதிகளுக்கென ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் 1958இல் இயற்றப்பட்டது. ஆக, பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு தலைமுறை கண்ட அரசுகள் பல. அவற்றுள் பெரும்பாலானவை படைவீரர்களின் உருவிலேயே ஊருக்குள் நுழைந்தன.

இரு தேசங்களும் ஒரு பெண்ணும்

ரிஷாங் அறவழியை நம்புபவன். விதேசாலி தனி நாட்டிற்காக ஆயுதம் ஏந்துபவன். இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்தி, நாட்டுப்பற்றுக்கும் பிரிவினைக்கும் இடையிலான மோதலாக நாவலைச் சுருக்கிவிடுவது எளிது. ஆயின் விதேசாலி நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தோடு தொடர்பு கொண்டிருந்தவன். இந்திய விடுதலைக்கான படையிலிருந்து வந்தவனே பின்னர் இந்திய ஆட்சியை எதிர்க்கிறான். பற்று என்பது பிறப்பிலேயே அமைந்த பண்பன்று. வரலாற்றின் போக்கில் திசைமாறுவது என்பதை இப்பாத்திரம் உணர்த்துகிறது.

இவ்விருவரையும்விட நாவலின் மையத்தை நெருங்கி நிற்பவள் ஷாரெங்லா. ஜப்பானிய வீரனொருவனுடன் வாழக் கட்டாயப்படுத்தப்பட்ட அவளை, போர் முடிந்தபின் ஊர் ஒதுக்குகிறது. அந்நியப் படை இழைத்த கொடுமைக்குச் சொந்த ஊரே தண்டனை தருகிறது. ஆண்கள் எந்த நாடு தமது என்று விவாதிக்கும்போது, அவளுக்கு ஊரே இல்லாமற் போகிறது. ‘மக்களாட்சி’ எனும் தலைப்பில் உள்ள ‘மக்கள்’ யார் என்ற வினாவை நாவல் இவள் வழியாகவே கூர்மையாக எழுப்புகிறது.

நாவலின் எல்லை

பட்டாச்சார்யா உக்ருலில் ஆசிரியராகப் பணியாற்றியவர். ஆயினும் தாங்குல் இனத்தவரல்லர். கதைசொல்லியின் பரிவு ரிஷாங்கின் பக்கமே சாய்கிறது. விதேசாலியின் சினத்திற்கான காரணங்கள் சொல்லப்படுமளவுக்கு அவனது அகம் திறக்கப்படுவதில்லை. நாவல் வெளிவந்த 1960இலேயே நாகாலாந்து மாநிலத்திற்கான உடன்பாடு எட்டப்பட்டது. 1963இல் அம்மாநிலம் உருவானபோது, கதை நிகழும் உக்ருல் அதற்கு வெளியே மணிப்பூரிலேயே நின்றது. ரிஷாங்கின் வழியோ விதேசாலியின் வழியோ காட்டாத முடிவு இது.

முடிவுரை

இந்நாவலை ஒருமைப்பாட்டின் சான்றிதழாக வாசிக்கும்போது ஷாரெங்லா கிளைக்கதையாகிவிடுகிறாள். அவளிடமிருந்து வாசிக்கத் தொடங்கினால், பற்றுறுதியை மெய்ப்பிக்கும் கடமை மக்களிடமிருந்து அரசுக்கும் ஊருக்கும் இடம்மாறுகிறது. எல்லைப்புற இலக்கியங்களை ஒப்பிட்டு ஆராயும் தமிழாய்வாளர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுவே.