தேறிய விமானம் என்னும் வாதம்

நேத்ரா மார்க்-2 பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே வாதம் முன்னால் வந்து நிற்கிறது. ஏர் இந்தியாவில் ஓடிய ஆறு ஏர்பஸ் விமானங்களில் ரேடார் ஏற்றி, வான்படையின் கண்காணிப்பு விமானங்களாக்கும் திட்டமே நேத்ரா மார்க்-2. அந்த விமானங்கள் பல ஆண்டுகள் பயணிகளைச் சுமந்து தேறியவை, புதிதாக வடிவமைக்கும் காலமும் பணமும் மிச்சம் என்கிறார்கள். பாதுகாப்புத் துறை பற்றி எழுதுகிறவர்களில் பலரும் இதை அப்படியே வழிமொழிகிறார்கள்.

இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். உதிரிபாகமும் என்ஜினும் பழுதுபார்க்கத் தெரிந்த ஆட்களும் உலகெங்கும் கிடைப்பது பெரிய வசதி. 2013 முதல் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து பறக்கும் பி-8ஐ, போயிங் 737-இன் வழி வந்ததுதான். நீர்மூழ்கிகளைத் தேடுவதில் நம் கடற்படைக்கு வாய்த்த மிகச் சிறந்த விமானம் அது.

ஆனால் ‘தேறியது’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. தேறியது எது? ஒரு குறிப்பிட்ட எடை, ஒரு குறிப்பிட்ட வடிவம், உணவு சூடாக்கவும் விளக்கெரிக்கவும் போதுமான மின்சாரம், உயரத்தில் ஒரே சீராகப் பறக்கும் வாழ்க்கை. அந்த விமானத்துக்குத்தான் சான்றிதழ். உடலில் துளையிட்டு, முதுகில் ரேடாரை ஏற்றி, அதற்கு மின்சாரமும் குளிரூட்டலும் கொடுக்கக் கம்பியும் குழாயும் இழுத்த பிறகு நம் முன் நிற்பது வேறொரு விமானம். பழைய சான்றிதழ் அதற்குப் பொருந்தாது.

பிரிட்டனின் நிம்ராட் இதற்குக் கொடுத்த விலை கொடியது. காமெட் என்ற பயணிகள் ஜெட்டிலிருந்து பிறந்த கடற்கண்காணிப்பு விமானம் அது. 2006 செப்டம்பர் 2 அன்று, எக்ஸ்வி230 என்ற நிம்ராட் ஆப்கானிஸ்தானின் காந்தஹார் அருகே, வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்ட சில நிமிடங்களில் தீப்பற்றி விழுந்தது. 14 பேரும் இறந்தார்கள். 2009-இல் வந்த ஹேடன்-கேவ் அறிக்கை காரணத்தைத் தேடிக் குழாய் குழாயாகப் போகிறது. என்ஜின்களுக்கிடையே சுடுகாற்றைக் கடத்தும் குழாய் ஒன்று. பின்னால் வந்த மேம்பாட்டில் கருவிகளைக் குளிர்விக்கச் சேர்த்த அமைப்பின் சுடுகாற்றுக் குழாய் இன்னொன்று. 1982 ஃபாக்லாந்து போரின் அவசரத்தில் சேர்ந்த, வானில் எரிபொருள் நிரப்பும் ஏற்பாடு மூன்றாவது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. மூன்றும் ஓரிடத்தில் நெருங்கியபோது, கசிந்த எரிபொருள் சூடான குழாயைத் தொட்டது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அறிக்கையின் இன்னொரு கண்டுபிடிப்பு. விமானத்தின் பாதுகாப்பை ஆராய்ந்து ஆவணம் தயாரித்தவர்களே, முப்பது ஆண்டுகள் பறந்த விமானம் எப்படியும் பாதுகாப்பானதுதான் என்ற எண்ணத்தோடு வேலையைத் தொடங்கியிருந்தார்கள். இன்று நம்மூரில் கேட்கும் அதே வாதம்.

வெளிநாட்டைத்தான் சுட்ட வேண்டும் என்பதில்லை. 1999 ஜனவரி 11 அன்று, ரேடார் கூடு பொருத்திய நம் ஆவ்ரோ விமானம் அரக்கோணம் அருகே விழுந்து, விஞ்ஞானிகளும் வான்படையினருமாக எட்டுப் பேர் இறந்தார்கள். ஆவ்ரோ ஜெட் அல்ல, புரொப்பெல்லர் விமானம். நெடுங்காலம் பறந்து தேறியதுதான். அன்று பிய்ந்துகொண்டது முதுகில் ஏற்றிய கூடு.

பி-8ஐ ஏன் தப்பியது என்றால், அது பயன்படுத்திய விமானத்தை வெட்டி ஒட்டியது அல்ல. ஆயுத அறையும் வலுவூட்டிய உடலும் முதலிலேயே வரைந்து, தொழிற்சாலையிலேயே ராணுவ விமானமாகக் கட்டியது. அதையே ஏர் இந்தியா விமானங்களுக்கு முன்னுதாரணமாகக் காட்டுவது தவறு. தொழிற்சாலையில் புதிதாகக் கட்டினாலும் சிக்கல் விடுவதில்லை என்பதற்குப் போயிங் 767 வழி வந்த கேசி-46 டேங்கர் இருக்கிறது. அந்த நிறுவனம் அதில் 700 கோடி டாலருக்கு மேல் இழந்திருக்கிறது. ஆஸ்திரேலியா 2000-இல் கேட்ட வெட்ஜ்டெயில் ரேடார் விமானம் 2006-இல் வர வேண்டியது. முழுச் செயல்திறனை எட்டியதோ 2015-இல்.

பழைய உடல்களை எடுத்துக்கொண்டவர்களின் கதை இன்னும் மோசம். நிம்ராட் எம்ஆர்ஏ4 திட்டத்தில் 1960-களின் உடல்களுக்குக் கணினியில் வடிவமைத்த புதிய இறக்கைகளைப் பொருத்தப் போனார்கள். கைவேலையாகக் கட்டிய அந்த உடல்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறியிருந்தன. 21 விமானம் 9 ஆகச் சுருங்கி, 300 கோடி பவுண்டுக்கு மேல் விழுங்கி, 2010-இல் திட்டமே ரத்தானது. ஏர்பஸ்கள் அவ்வளவு ஒழுங்கற்றவை அல்லதான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு எண்ணிக்கையில் ஏறி இறங்கி, வேறு வேறு பழுதுகளைக் கண்டு வந்தவை. பழைய வீட்டின் மேல் மாடி எடுப்பவர்கூட முதலில் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கிறார்.

விமானத்தின் விலையில் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று காட்டும் கணக்கு, மாற்றியமைக்கும் செலவும் சோதனைச் செலவும் வரும் முன் போட்ட கணக்கு. ஆறில் ஒன்றை முழுதாகப் பிரித்து ஆராய்ந்து, ரேடாரோடு புதிய விமானமாகவே கருதி, முதலிலிருந்து சோதித்துச் சான்றளிக்க வேண்டும். அந்த முடிவு கைக்கு வரும்வரை மற்ற ஐந்தின் உடலில் ஒரு துளைகூடப் போடக் கூடாது.