நடுநாட்டின் ஏட்டுச் சொல்லும் வாய்ச்சொல்லும்

எது செந்தமிழ் என்பதற்கு நம் பழைய உரையாசிரியர்கள் நிலத்தில் எல்லை கட்டினார்கள். வைகைக்கு வடக்கு, மருதையாற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு. இதற்குள் வழங்குவது செந்தமிழ். சுற்றியுள்ள பன்னிரு நிலத்தில் வழங்குவது திசைச்சொல். மருதையாறு அரியலூர்ப் பக்கம் ஓடிக் கொள்ளிடத்தில் கலப்பது. நம் நடுநாட்டின் வெள்ளாற்றங்கரைப் பெண்ணாடமோ அதற்கும் வடக்கே இருக்கிறது. அந்தக் கணக்கில் நம் ஊர் செந்தமிழ் நிலத்துக்கு வெளியே!

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரைத் தந்த ஊரையா வெளியே நிறுத்துவது? அவருடைய சிவஞானபோதம் 12 நூற்பா, 40 அடி. தமிழில் அதைவிட இறுகிய சாத்திரம் இல்லை என்பேன். ஆனால் அதன் முதல் நூற்பா தொடங்குவதே, தெருவில் போகிறவரை நாம் சுட்டிச் சொல்லும் எளிய பெயர்களில்தான். அந்த நூலை விரிக்க 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் மாபாடியம் எழுத வேண்டியிருந்தது. அருமை சொல்லில் இல்லை, சொற்களைக் கோத்த விதத்தில் இருக்கிறது. உரையாசிரியர்களிலேயே தெய்வச்சிலையார் அந்த நான்கெல்லையை மறுத்து, வேங்கடம் முதல் குமரி வரை எல்லாம் செந்தமிழ் நிலமே என்றார். என் மனம் அவர் பக்கம்.

நன்னூல் செய்த பவணந்தியார் நிலத்தோடு வழக்கையும் பார்த்தார். இயல்பு வழக்கில், மருவி வழங்கும் சொல்லாகிய மரூஉவுக்கும் இடம் கொடுத்தார்; தேவாரத்துப் பெண்ணாகடம் ரயில் நிலையப் பலகையில் பெண்ணாடமாக நிற்பது அந்த வகைதான். கொள்ளிடத்து வடகரை ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர், செந்தமிழுக்கு ஒன்றும் பேச்சுத் தமிழான கொடுந்தமிழுக்கு ஒன்றுமாக இலத்தீனில் இரண்டு இலக்கணம் எழுதினார். இரண்டாவது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. கொடுந்தமிழுக்கும் விதி உண்டு என்று காட்டிய நூல் அது.

நம் காலத்தில் அந்த வேலையைச் சொல் சொல்லாகச் செய்தவர் மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரன். அவருடைய ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள மக்கள் வாயில் புழங்கும் சொற்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அவர் ஊர்ப் பெயரிலேயே இருக்கிற ‘கொல்லை’யை எடுத்துக்கொள்வோம். தஞ்சைப் பக்கம் அது வீட்டின் பின்புறம். இங்கே அது வானம் பார்த்த காடு: முந்திரிக்கொல்லை, கம்பங்கொல்லை. சங்கப் பாடல்களில் முல்லை நிலத்துப் புன்செய்க்கு வழங்கிய பொருளும் இதுவே. நாம் பேச்சு வழக்கு என்று ஒதுக்கும் சொல் புலவர் வழக்காகவும் இருந்திருக்கிறது. கட்டுரை நோட்டில் ‘கொல்லைக்குப் போனோம்’ என்று எழுதும் பிள்ளைக்கு அதை ‘வயல்’ என்று அடித்துத் திருத்துவது பொருளையே மாற்றிவிடும். வயல் நன்செய்; கொல்லை புன்செய்.