சட்டம் சார்ந்த தன்னார்வலரின் பயிற்சி

சென்னையின் வடபுறத்து மணலி புதுநகரில் வாழும் ஒரு குடும்பத்துக்குச் சட்டத்தின் தேவை பெரும்பாலும் சாலை வழியாகவே வந்து சேர்கிறது. துறைமுகங்களுக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டிச் சாலையில், ஷிப்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும் தொழிலாளி ஒருவன் அடிபட்டு இறந்தால், அவன் மனைவி துக்கம் ஆறுமுன்னரே முதல் தகவல் அறிக்கையின் நகல், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பி, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், கணவனின் சம்பளச் சீட்டு ஆகியவற்றையெல்லாம் அலைந்து சேகரித்து, 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி ஆறு மாதங்களுக்குள் நஷ்டஈட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டியவளாகிறாள். வக்கீல் வாதாடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அதற்கு முந்தைய அலைச்சலில் அவளோடு நடப்பதற்கு விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவரை நாம் எவ்விதம் தயார் செய்கிறோம் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சாசனத்தில் சேர்ந்த 39-ஏ பிரிவு, ஏழைக்கு இலவசச் சட்ட உதவி அளிப்பதை அரசின் பொறுப்பாக்கிற்று. அதைச் செயற்படுத்த 1987-இல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமோ 1995 நவம்பர் 9-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோரோடு தொழிற்சாலைத் தொழிலாளரையும், தொழிற்சாலைப் பேரிடருக்கு ஆளானோரையும் வருமான வரம்பு பாராமல் உதவிக்கு உரியவராக்குகிறது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியதையும், அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்ததையும் கண்ட பிரதேசத்தில் இந்தச் சரத்தின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. உரியவரோ அது தமக்கு உண்டு என்பதையே அறியாமல் இருக்கிறார். இந்த இடைவெளியை நிரப்பும் பொருட்டே தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009-இல் சட்டம் சார்ந்த தன்னார்வலர் திட்டத்தைத் தொடங்கிற்று.

அத்திட்டத்தின் சிறப்பு முழுவதும் ஆள் தேர்விலேயே இருக்கிறது. ஆசிரியர், ஓய்வு பெற்ற அரசு ஊழியர், அங்கன்வாடிப் பணியாளர், சுயஉதவிக் குழுவினர், சட்ட மாணவர், நீண்ட தண்டனை அனுபவிக்கும் படித்த சிறைவாசிகூட இதில் சேரலாம். கணவன் அடிப்பதை வக்கீலின் ஆபீசில் சொல்ல நாணும் பெண், தன் குழந்தைக்குச் சத்துமாவு கொடுக்கும் அங்கன்வாடி அம்மாவிடம் அதைத் தயக்கமின்றிச் சொல்லிவிடுவாள். இந்த அந்நியோன்னியத்தை எந்தக் கல்லூரியும் கற்பிக்க இயலாது. காணாமற்போன குழந்தைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் இத்தன்னார்வலர்களைக் காவல் நிலையங்களில் அமர்த்தச் சொன்னதும் இவர்கள் மீது வைத்த நம்பிக்கையால்தான்.

இவ்வளவு சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களை நாம் என்ன செய்கிறோம்? மண்டபத்தில் உட்கார வைத்துச் சட்டப் பிரிவுகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றுகிறோம். அடையாள அட்டை கொடுத்து அனுப்பிவிடுகிறோம். புகாரைப் பதிவதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆம் பிரிவு என்று மனப்பாடம் செய்தவர், 2024 ஜூலை 1-ஆம் தேதி புதிய சட்டம் வந்து அது 173-ஆம் பிரிவாக மாறியதும் திகைத்து நிற்கிறார். புகாரைப் பதிய மறுத்தால் அதன் சாரத்தை எழுதிக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமாயின் அவருக்கு நிகரான அதிகாரிக்கு, தபாலில் அனுப்ப வேண்டும், அதிலும் பயன் இல்லாவிடில் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்ய வேண்டும், பதிவான அறிக்கையின் நகலைப் புகார்தாரர் இலவசமாகக் கேட்டுப் பெறலாம் என்று கையால் எழுதிப் பழகியவருக்கோ எண் மாறியதால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஏனெனில் அந்த வழி பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் இன்றைய பயிற்சியின் பிரதானக் குறை, கை செய்ய வேண்டிய வேலையைக் காதுக்கு மட்டும் சொல்லித் தருவதே.

இதற்கு நேர்மாறான ஒரு கல்வி நம் நீதிமன்றங்களிலேயே தலைமுறைகளாக இருந்து வருகிறது. வக்கீல் குமாஸ்தா எந்தப் பாடத்திட்டமும் படித்தவரல்லர். கேஸ் கட்டு கட்டியும், வக்காலத்தில் ஸ்டாம்பு ஒட்டியும், குறைபாடு காட்டி ரிட்டர்ன் ஆன மனுவைத் திருத்தி மறுபடி தாக்கல் செய்தும், நகல் மனுப் போட்டுத் தீர்ப்பின் பிரதி வாங்கியும் கற்றவர். எந்த மனு எந்தக் குறையால் திரும்பும் என்பதை அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். எனினும் இந்த முறையைக் குற்றமற்றதென்று புகழ மனம் இடங்கொடுக்கவில்லை: தெரிந்தவர் மூலமே நுழைய முடிகிற தொழில் அது; சம்பளம் சொற்பம்; பெண்களுக்கு இடம் அரிது; ஏன் அப்படிச் செய்கிறோம் என்ற விளக்கமும் அவருக்குக் கிடைப்பதில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சட்ட உதவியாளர் பணிக்கென்று ஒரு டிப்ளமோ நடத்துகிறது; பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர் சேரலாம். நல்ல முயற்சிதான், ஆனால் அதைப் படித்து முடித்த மணலிப் பெண்ணை, இன்ன பதவி உனக்கு என்று வரவேற்க அரசாங்கத்தில் ஓர் ஆசனமும் இல்லை.

தன்னார்வலருக்குக் கிடைப்பதோ மதிப்பூதியம் மட்டுமே; அதன் மீது ஒரு தொழிலை நிறுத்த முடியாது. அவர் பணி வேலைவாய்ப்பு அல்லவென்று திட்டம் வைத்துக்கொண்டு, அவர் உதவி நாடி வந்தவரிடம் ஒரு காசும் பெறலாகாதென்றும் விதிக்கும்போது, பின்னதன் தர்மத்தை ஏற்கும் நான் முன்னதை ஏற்க இயலாதவனாகிறேன். ஏனென்றால் கைத்தேர்ச்சி பெறுமுன்னரே வறுமை அவரை வேறு வேலைக்கு இழுத்துச் சென்றுவிடுகிறது. ஆப்பிரிக்காவில் நம்மைவிட ஏழை நாடான சியெரா லியோன், 2003-இல் தொடங்கிய ஒரு தொண்டு முயற்சியின் அனுபவத்தைக் கொண்டு, 2012-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்திலேயே இத்தகைய சட்ட உதவியாளருக்கு இடம் கொடுத்துவிட்டது.

இங்கும் அது அசாத்தியமன்று. தேர்ந்தெடுக்கப்பட்டவர் திருவொற்றியூர் நீதிமன்றத்தில் ஆறு மாதம், ஆணைக்குழுவின் வக்கீல் ஒருவரும் மூத்த குமாஸ்தா ஒருவரும் மேற்பார்க்க, மாதச் சம்பளத்தோடு வேலை பழகட்டும். 29 தொழிலாளர் சட்டங்களை அகற்றி 2025 நவம்பர் 21-இல் அமலான நான்கு தொகுப்புகளை, ஒப்பந்தத் தொழிலாளியின் உண்மையான சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கற்கட்டும். பரீட்சை என்று ஒன்று வேண்டுமானால், அவர் தாமே எழுதி, ரிசீட் வாங்கி, முடிவு வரை தொடர்ந்து சென்ற பத்து மனுக்களின் கட்டைப் பார்த்து மேற்பார்ப்பவர்கள் மதிப்பெண் போடட்டும்.