பதினேழு வயசுக்கு ஜாதகம்

ஹாக்கி என்றதும் தயான் சந்த் ஞாபகம் வந்தால் தப்பில்லை. நான் சொல்வது பனிக்கட்டி மேல் சறுக்கிக்கொண்டே ஆடும் ஐஸ் ஹாக்கி. அமெரிக்கா, கனடா கிளப்புகளின் என்.ஹெச்.எல். லீக் வருஷத்துக்கு ஒருமுறை, வழக்கமாக ஜூன் கடைசியில், டிராஃப்ட் நடத்தும். அந்த செப்டம்பர் 15-க்குள் பதினெட்டு முடிகிற பையன்களை 32 கிளப்புகளும் முறை வைத்து, ஏழு சுற்றில் பொறுக்கிக்கொள்ளும். அதற்குப் பல மாதம் முன்பிருந்தே யார் முதல், யார் பத்தாவது என்று பட்டியல்கள் கிளம்பிவிடும். லீகின் சென்ட்ரல் ஸ்கௌட்டிங்கும் போடும், பத்திரிகைகளும் போடும்.

இவற்றைத் தொடர்ந்து படித்தால் பெண் பார்த்துவிட்டு வந்த மாமாவின் ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது. நல்ல உயரம், நல்ல வேகம், 'கொஞ்சம் முனைப்பு பத்தாது.' மாமாவாவது மாப்பிள்ளை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். இந்தப் பையன்கள் தங்களைப் பற்றி அச்சில் படிக்கிறார்கள்.

உதாரணம், 2014. வட அமெரிக்க ஆட்டக்காரர்களில் சென்ட்ரல் ஸ்கௌட்டிங் முதலிடம் தந்தது சாம் பென்னட்டுக்கு. டிராஃப்டுக்கு முந்தைய உடல் தகுதிப் பரீட்சையில் அவரால் ஒரு புல்-அப்கூட எடுக்க முடியவில்லை. அதுவே பெரிய செய்தியாகிவிட்டது. (அதே வருஷம் தோளில் ஆபரேஷன் ஆனது பிற்பாடு.) கால்கரி அவரை நாலாவதாக எடுத்தது. அங்கே பல வருஷம் சுமார்தான். 2021-ல் ஃப்ளோரிடாவுக்கு மாற்றினார்கள். 2025-ல் ஃப்ளோரிடா ஸ்டான்லி கோப்பையை ஜெயித்தபோது பிளே-ஆஃப்பில் பதினைந்து கோல், சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் கோப்பை!

பட்டியல் சரியா, தப்பா? 2020-ல் கேட்டிருந்தால் தப்பு. இப்போது கேட்டால் சரி. பரீட்சைப் பேப்பரைத் திருத்தப் பதினோரு வருஷம்.

அதே 2014-ல் பிரேடன் பாய்ன்ட் 79-வதாகத்தான் போனார். ஆள் குள்ளம். டாம்பா பே 2020, 2021 என்று அடுத்தடுத்து கோப்பை வாங்கியபோது இரண்டு பிளே-ஆஃப்பிலும் அதிக கோல் போட்டவர் அந்தக் குள்ளர்தான்.

பரிகாசம் பண்ணுவது சுலபம். 2015-ல் கானர் மெக்டேவிட்தான் முதல் என்று எல்லாரும் சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். உச்சியில் இருப்பவர்களைக் கண்டுபிடிப்பதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். என் புகார் வேறு. முதலாவதுக்கும் நாலாவதுக்கும் மலையளவு வித்தியாசம் இருக்கலாம். முப்பதாவதுக்கும் அறுபதாவதுக்கும் இடையில் பெரும்பாலும் யூகம்தான். பட்டியல் இரண்டையும் ஒரே தைரியத்தில் அச்சடிக்கிறது.

அடுத்தது, பிறந்த மாதம். ஜூனியர் ஹாக்கியில் வயசை ஜனவரி 1-லிருந்து கணக்குப் பண்ணுகிறார்கள். ஜனவரிப் பையன் டிசம்பர்ப் பையனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பெரியவன். பத்து வயசில் அது தோள் அகலத்தில் தெரியும். பார்ப்பவர் அதைத் திறமை என்று குறித்துக்கொள்வார். 1980-லிருந்து 2006 வரை எடுக்கப்பட்ட கனடா ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2013-ல் ஒரு கட்டுரை வந்தது. வருஷத்தின் பின்பாதியில் பிறந்தவர்கள் தகுதிக்கு மீறித் தாமதமாக எடுக்கப்பட்டிருந்தார்கள். ஆனால் 400 ஆட்டம், 200 பாயின்ட் போன்ற மைல்கற்களை எட்டியதில், முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்களைவிட அவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வாய்ப்பு.

இதில் ஆபத்து என்னவென்றால், ஜோசியம் தன்னைத்தானே பலிக்க வைத்துக்கொள்ளும். முதல் சுற்றில் வந்தவன் சொதப்பினால் இன்னொரு சான்ஸ். ஆறாவது சுற்றுக்காரன் சொதப்பினால் 'அப்பவே சொன்னோமே!'

பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. பிறந்த மாதத்தைப் பெயர் பக்கத்திலேயே போடுங்கள். யூகம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே ஒரு கோடு கிழியுங்கள். பத்து வருஷம் முன்னால் நீங்கள் போட்ட பட்டியலையும் எதிர்ப்பக்கத்தில் அச்சடியுங்கள்.

பையன்களுக்கு அதைப் படித்தால் தெம்பு வரும்.