அசைக்கோடு காட்டாத அழுத்தம்

இத்தாலியப் பள்ளிகளில் எழுத்தறியும் வயதிலேயே பிள்ளைகள் சொல்லை அசை பிரிக்கப் பழகுகிறார்கள். பிறமொழியினருக்கான பாடநூல்களும் வினைச்சொற்களை இப்படிக் கோடிட்டுப் பிரித்துக் காட்டுவதுண்டு. இதன் பெரும்பயன் இரட்டை மெய்யில் தெரிகிறது. ‘பர்-லெ-ரே-மோ’ என்றால் ‘பேசுவோம்’ என்ற எதிர்காலம். ‘பர்-லெ-ரெம்-மோ’ என்றால் ‘வாய்த்தால் பேசுவோம்’ என்ற நிபந்தனை. எழுத்தில் இரண்டையும் பிரிப்பது ஒரேயொரு மகர ஒற்று. அசை பிரித்துச் சொல்பவர் அந்த ஒற்றை விழுங்க முடியாது. இதற்காகவே இம்முறையைப் போற்றலாம்.

ஆனால் அழுத்தம் எங்கே விழும் என்று கோடு சொல்வதில்லை. இத்தாலிய எழுத்தும் பெரும்பாலும் சொல்வதில்லை. பல அசைச் சொல்லின் கடைசி அசை அழுந்தினால்தான் குறி கட்டாயம். பெரும்பாலான சொற்களில் ஈற்றயலசை அழுந்துவதால் மாணவர் வினையிலும் அதையே செய்துவிடுகிறார். ‘கா-பி-தா-னோ’வைப் பாருங்கள். முதலசை அழுந்தினால் ‘நேர்கின்றன’, மூன்றாவது அழுந்தினால் ‘தலைவன்’, நான்காவது அழுந்தினால் ‘தலைமை தாங்கினான்’. பிரிப்பு மூன்றுக்கும் ஒன்றே. ‘தொலைபேசியில் அழைக்கிறார்கள்’ என்னும் ‘தெ-லே-ஃபொ-ன-னோ’வில் அழுத்தம் கடைசியிலிருந்து நான்காம் அசைக்கே போய்விடுகிறது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. ‘படிக்கிறேன்’ என்பது ‘ஸ்தூ-தியோ’, இரண்டு அசை. ‘அனுப்புகிறேன்’ என்பது ‘இன்-வீ-ஓ’, மூன்று அசை. இரண்டும் எழுத்தில் ஒரே இகர ஓகாரத்தில்தான் முடிகின்றன. இகரம் அழுந்தினால் தனியசை, அழுந்தாவிட்டால் அடுத்த உயிரோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே அழுத்தம் தெரிந்த பிறகுதான் சரியாகப் பிரிக்கவே முடியும். உச்சரிப்பைக் கற்றுத்தர வந்த முறை, உச்சரிப்பை முன்னரே அறிந்தவரைக் கேட்கிறது!

பள்ளிப் பிரிப்பு ஒலியோடு எப்போதும் ஒத்துப்போவதும் இல்லை. ‘உனக்குப் புரிகிறது’ என்பதை ‘கா-பி-ஷி’ என்று பிரிப்பார்கள். செந்தர உச்சரிப்பிலோ அது ‘கபிஷ்ஷி’. வரியின் முடிவில் சொல்லை முறிப்பதற்கு அந்த விதி போதும். நாவுக்குப் போதாது.

மில்யோரினி, தால்யாவினி, ஃபியொரெல்லி மூவரும் உருவாக்கி, இத்தாலிய வானொலி நிறுவனமான ராய் 1969இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி அழுத்தத்தைக் குறியிட்டே காட்டுகிறது. கற்பவருக்கான வினை அட்டவணைகளிலும் அப்படி அழுத்தக்குறி கட்டாயமாக வேண்டும். பாடநூல் எழுதுவோர் அசைக்கோட்டை நீக்க வேண்டியதில்லை. அழுந்தும் உயிரின்மேல் ஒரு குறியைச் சேர்த்து அச்சிடட்டும்.