குடத்துக்குள் யார் பெயர் இருந்தது?

எங்கள் பெரியப்பாவுக்கு டி.பி. என்று தெரிவதற்குள் மூன்று மாதம் ஓடிப்போனது. உத்திரமேரூர் பக்கம் கிராமம், கொஞ்சம் நெல் பயிர். இருமல் என்று போனால் தனியார் கிளினிக்கில் ஒரு ஊசி, ஒரு சிரப், ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக். திரும்ப இருமல், திரும்ப அதே. ஒருவழியாகச் சளியைப் பரிசோதித்து மாத்திரை ஆரம்பித்தாயிற்று.

பிறகு அந்த கிளினிக் டாக்டரிடம் கேட்டேன். "சாப்பாட்டுல ஏதாவது பாத்துக்கணுமா சார்? ஆள் துரும்பா இளைச்சுட்டாரு."

"அதெல்லாம் முக்கியமில்லப்பா. மாத்திரையை விடாம போடச் சொல்லு, போதும். சாப்பாட்டால ஒண்ணும் வித்தியாசம் இல்லன்னு மெட்ராஸ்லயே அந்தக் காலத்துல ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சுட்டாங்க."

எனக்கு ஆச்சரியம். ஆராய்ச்சியே படிக்காத டாக்டர் என்று இவரைக் குறை சொல்ல முடியாது. அவர் ஆதாரத்தோடுதான் பேசினார். அதனால் அந்த ஆராய்ச்சியைத் தேடிப் போனேன். இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

1956ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. ஐ.சி.எம்.ஆர்., சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்த ஏற்பாடு. தலைமை வாலஸ் ஃபாக்ஸ். இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். அப்போது டி.பி. என்றாலே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரம் சானடோரியம் என்று இன்றும் ஒரு ரயில் நிலையத்துக்குப் பெயர் இருக்கிறதே, அந்தக் காலம். ஆனால் இருந்த படுக்கைகள் நோயாளிகளுக்குக் கொஞ்சமும் போதாது. அப்படியானால், வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் குணமாகுமா? இதுதான் ஆய்வின் கேள்வி.

சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை, சீட்டுக் குலுக்கல் மாதிரி தீர்மானித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்கத்தானே வெளியூர்க்காரர்கள் உத்திரமேரூர் வருகிறார்கள்? பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. எடுக்கும் கை யாருக்கும் சாதகமாக இருக்கக்கூடாது என்பதுதான் இரண்டிலும் விஷயம்.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959ல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். இத்தனைக்கும் வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், ஓய்வும் குறைவு. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாக வரவில்லை. உலகம் முழுக்க டி.பி. நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பிய ஆய்வுகளில் இது முக்கியமானது. நாம் பெருமைப்பட வேண்டிய ஆய்வு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் அதைப் படித்த விதத்தில் இருக்கிறது. 1961ல் அதே மையம் உணவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டது. நல்ல மருந்து ஒழுங்காகக் கிடைத்தால், நோய் அடங்குவதற்கு உணவு தீர்மானமான காரணம் இல்லை என்பது அதன் சாரம். இந்தக் கவனமான வாக்கியம் பல கை மாறி எங்கள் ஊர் கிளினிக்குக்கு வரும்போது "சாப்பாடு முக்கியமில்ல" ஆகிவிட்டது.

நான் பார்த்தவரை இடையில் மூன்று விஷயம் தொலைந்திருக்கிறது. ஒன்று, குலுக்கிப் போட்டது இடத்தைத்தான், சாப்பாட்டை அல்ல. சாப்பாட்டு வித்தியாசம் இடத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு, நூறு பேருக்கு இரண்டு மூன்று சாவு கூடுகிறதா குறைகிறதா என்பதை 193 பேரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மூன்று, அந்த 'வீட்டு' நோயாளிகள் வாராவாரம் மையத்துக்கு வந்து மருந்து வாங்கினார்கள். ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். எங்கள் பெரியப்பா வீட்டுக்கு யார் வந்தார்கள்?

குடவோலையிலும் எல்லார் பெயரும் குடத்துக்குள் போகவில்லை. வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல். ஆய்வுகளும் அப்படித்தான். குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், குடத்துக்குள் யார் பெயர் இருந்தது, எதற்காகக் குலுக்கினார்கள் என்று கேட்காமல் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டால் தப்பு நடக்கும்.

உணவையே நேராகக் குலுக்கிப் பார்த்த ஆய்வும் வந்துவிட்டது. ஜார்க்கண்டில் 'ரேஷன்ஸ்' என்ற பெயரில் நடந்து, 2023 ஆகஸ்டில் முடிவு வெளியானது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவோடு நம் சென்னை நிறுவனமும் இதில் பங்கெடுத்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள். குலுக்கலில் வந்த பாதிக் குடும்பங்களுக்கு மட்டும் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அரிசியும் பருப்பும். அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39% குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5% ஏறியவர்களுக்குச் சாவு அபாயம் 61% குறைவாக இருந்தது.

இதையும் அதே கண்ணோடு படிக்க வேண்டும், இல்லையா? 39% குலுக்கலில் வந்த எண். 61% அப்படி இல்லை. எடை ஏறியதால் பிழைத்தார்களா, பிழைக்கிற உடம்பு என்பதால் எடை ஏறியதா என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இன்னொன்று, தமிழ்நாட்டில் டி.பி. நோயாளிகளில் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பதாக 2012ல் வந்த ஆய்வு சொல்கிறது. அவர்களுக்கு அரிசியை அள்ளிக் கொடுப்பது சரியா? சர்க்கரை பார்க்காமல் பதில் சொல்லக்கூடாது.

ஆதாரத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதற்கு உதாரணம் இங்கேயே இருக்கிறது. 2022ல் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம். புதிதாகக் கண்டுபிடித்த நோயாளியிடம் சில எளிய விஷயங்களைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கு எடை எவ்வளவு, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்து, உடனே பெரிய ஆஸ்பத்திரி. இதற்கு லேப் வேண்டாம். எடை மெஷினும், விரலில் மாட்டுகிற கருவியும், பழகிய ஊழியரும் போதும். ஒரு கிளினிக்கில் செய்ய முடியாதது இதில் எது?

பெரியப்பாவைப் பக்கத்து அரிசி மண்டித் தராசில் நிற்க வைத்தேன். 165 சென்டிமீட்டர் ஆளுக்கு 41 கிலோ. கணக்குப் போட்டால் பி.எம்.ஐ. 15. கிளினிக்குக்கு நடந்த மூன்று மாதத்தில் ஒருதடவை கூட அவரை எடை பார்க்கவில்லை. "வெயிட்டு எதுக்குப்பா, இருமலுக்குத்தானே போனேன்" என்றார் அவர்.

ஜார்க்கண்ட் ஆய்வின் சுருக்கத்தை அச்சடித்து டாக்டரிடம் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஜார்க்கண்ட்ல பண்ணது. நம்ம ஊர் ஆளுங்களுக்குப் பொருந்துமா?" என்றார்.

அருமையான கேள்வி. மெட்ராஸ் ஆய்வைச் சொன்ன அன்றைக்கும் அதைக் கேட்டிருக்கலாம்.

பெரியப்பாவுக்குச் சர்க்கரை இல்லை. முட்டை, பருப்பு, கடலை என்று வீட்டில் கவனித்தோம். மாத்திரை முடிக்கும்போது 49 கிலோ. இது ஆதாரம் இல்லை, ஒற்றை ஆள் கதை, தெரியும். ஆனால் போன வாரம் அந்த கிளினிக்குக்குப் போனபோது, டோக்கன் கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு எடை மெஷின் இருந்தது.